இரண்டு கடிதமும் ஒரு கணக்கு நோட்டும்

"பெண்ணை டாக்டராக்கிவிட்டாய், இனி உனக்கென்ன குறை?" என்று என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. எம்.பி.பி.எஸ். முடித்த பிறகுதான் உண்மையான கவலையே ஆரம்பிக்கிறது என்பது அந்த வீட்டுத் தாய்க்குத்தான் தெரியும். மேலே படித்தால்தான் மதிப்பு. மேலே படிக்க இடம் கிடைத்தாலோ, "இத்தனை வருஷம் எங்களுக்கு வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடு" என்கிறார்கள். எங்கே எழுதிக் கொடுப்பது, யாருக்கு எழுதிக் கொடுப்பது என்று எங்கள் வீட்டில் நடந்த போராட்டத்தைத்தான் சொல்லப் போகிறேன். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படலாம்.

நான் பத்தாவது வரை படித்தவள். காட்பாடியில் என் கணவருக்கு மளிகைக் கடை. எனக்கு வயது 18 இருக்கும்போது கலியாணம். அடுத்த வருஷமே மூத்தவள் பிறந்துவிட்டாள். நன்றாகப் படித்து அரசாங்க மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினாள். 2019ஆம் வருஷம் பயிற்சி டாக்டர் வேலையும் முடிந்து வீட்டுக்கு வந்தாள். அந்தக் கோடையில் அவளுக்கு இரண்டு கதவுகள் ஒரே சமயத்தில் திறந்தன. அதுதான் சங்கடமாகப் போயிற்று.

ஒன்று பட்டாளம். ராணுவ மருத்துவப் பிரிவில் குறுகிய காலப் பணிக்கு மனுப் போட்டு, டெல்லிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்திருந்தாள். "சும்மா ஒரு அனுபவத்துக்குப் போறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவள், தேர்வாகிவிட்டாள். இன்னொன்று, அரசாங்க மருத்துவக் கல்லூரியில் மூன்று வருஷ மேற்படிப்பு. எம்.டி., மயக்க மருந்து இயல்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசி போட்டுத் தூங்க வைக்கிற டாக்டரா? அதுக்கா மூணு வருஷம்?" என்று நான் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். "தூங்க வைக்கிறது சுலபம்மா. நல்லபடியா எழுப்பணுமே, அதுக்குத்தான் படிப்பு" என்றாள்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போனவர் இருப்பார். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். என் அப்பா ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து, 1993ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வருஷத்தில் 60 நாள் லீவில் வருவார். கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயரும் நம்பரும். பெட்டியைத் திறந்தால் ரச கற்பூர வாசனை. அம்மா நாள்காட்டியில் தேதியைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்வாள். கிழித்தால் லீவு குறைந்துவிடுமாம்!

அவருக்குக் கடிதம் எழுதினால் விலாசத்தின் கடைசி வரி "56 ஏ.பி.ஓ." என்றிருக்கும். நான் ஐந்தாவது படிக்கும்போது அது எந்த ஊர் என்று பள்ளிக்கூடத்து அட்லாஸ் முழுக்கத் தேடியிருக்கிறேன். எங்கும் இல்லை. படைவீரர்கள் இருக்குமிடம் வெளியே தெரியாமலிருக்க வைத்த தபால் நிலையத்து எண் அது என்று பின்னால்தான் தெரிந்தது. அப்பா இருக்கும் ஊர் தேசப்படத்திலேயே இல்லை என்றால் ஒரு குழந்தைக்கு எப்படி இருக்கும்? அந்த நினைவெல்லாம் சேர்ந்துதான், பட்டாளத்திலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் பெண்ணும் அட்லாஸில் இல்லாத ஊருக்குப் போக வேண்டுமா?

அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. 23 வருஷம் டாக்டர்களுக்கு சல்யூட் அடித்தவர் அவர். பேத்தி சேர்ந்தால் எடுத்த எடுப்பில் கேப்டன். "திருப்பதியிலே பிறந்த பத்மா பந்தோபாத்யாயா விமானப்படையிலே ஏர் மார்ஷல் வரைக்கும் போனாங்க. அந்தப் பதவிக்கு வந்த முதல் பொம்பளையே அவங்கதான். டாக்டர்தானே? 2004லே புனிதா அரோரான்னு ஒரு டாக்டரம்மா லெப்டினென்ட் ஜெனரல் ஆனாங்க. நம்ம குழந்தைக்கு என்ன குறைச்சல்?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக் கணக்கு நோட்டை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டேன். ஒரு பக்கம் "பட்டாளம்", இன்னொரு பக்கம் "இங்கே".

பட்டாளத்தில் முதல் ஐந்து வருஷம் கட்டாயம். வேண்டுமானால் நீட்டித்து மொத்தம் 14 வருஷம் வரை இருக்கலாம். லக்னோவில் பயிற்சி. அதன் பிறகு எந்த யூனிட்டில் போடுகிறார்களோ அங்கே. ஆனால் மேற்படிப்பு உடனே கிடையாது. சில வருஷம் வேலை பார்த்த பிறகு, புனாவில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, பெங்களூர் கமாண்ட் ஆஸ்பத்திரி போன்ற அவர்களுடைய இடங்களிலேயே படிக்கப் போட்டி போடலாம். கிடைத்தால் முழுச் சம்பளத்தோடு படிப்பு. ஆனால் படித்ததற்கு ஈடாக மேலும் சில வருஷம் சேவை. நிரந்தரப் பணிக்கு மாறி 20 வருஷம் இருந்தால்தான் ஓய்வூதியம். ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ், கேன்டீன் எல்லா வசதியும் உண்டு. எல்லைப் பக்கம் போட்டால் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது.

இங்கே, மூன்று வருஷம் படிப்பு. மாதாமாதம் உதவித் தொகை. முடித்ததும் இரண்டு வருஷம் அரசாங்கம் சொல்லும் ஆஸ்பத்திரியில் வேலை. மாட்டேன் என்றால் 40 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அந்த வருஷத்து நிபந்தனை அது.

"மூணும் ரெண்டும் அஞ்சு. 28 வயசில் எல்லாம் முடிஞ்சிடும், பக்கத்திலேயே இருப்பா, கலியாணமும் முடிச்சிடலாம்" என்று கூட்டிப் பார்த்து, "இங்கே" பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டேன். என் கணவரும், "கணக்கு சரிதான்" என்றார். ஒன்றுவிட்ட மைத்துனர் ஒருவர், "பாண்டுக்கெல்லாம் பயப்படாதீங்க அண்ணி. கோர்ட்டுக்குப் போனா நிக்காது" என்று தைரியம் வேறு சொன்னார்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை மேலிருந்து கீழ் வரை படித்தார். அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். "கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. ஒரு பத்தியை விட்டுட்டியே" என்றார்.

"என்னப்பா விட்டுட்டேன்?"

"அந்த அஞ்சு வருஷமும் தினம் காலையில எழுந்து அவ என்ன வேலை செய்யப் போறா? அது அவளுக்குப் பிடிக்குமா? அதைக் கேட்டியா?"

கேட்கவில்லைதான். அப்பாவே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பட்டாளத்து டாக்டரின் வேலையை விவரித்தார். யூனிட் டாக்டர் என்றால் காலையில் 'சிக் ரிப்போர்ட்'. ஜுரம், கால் சுளுக்கு, வயிற்றுப்போக்கு என்று வரிசையில் நிற்கும் ஜவான்களைப் பார்க்க வேண்டும். குடிதண்ணீர் சுத்தமா, சமையற்கட்டு சுத்தமா என்று பார்ப்பதும் டாக்டர் பொறுப்பு. யூனிட் எங்கே போகிறதோ அங்கே கூடாரத்தோடு போக வேண்டும். பனி மலையில் மூச்சுத் திணறி வருபவனை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வரை கையில் இருப்பதை வைத்துக் காப்பாற்ற வேண்டும். "பெரிய ஆபரேஷன் எல்லாம் பின்னாடிதான் கண்ணு. முதல்ல நீ எல்லாருக்கும் எல்லா டாக்டரும். அதுவும் ஒரு பெருமைதான்" என்றார்.

என் பெண் இரண்டு நாள் யாரோடும் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு அந்தச் சீருடை ரொம்பப் பிடிச்சிருக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்போ நான் கத்துக்கிட்டதெல்லாம் புத்தகத்திலே இருக்கு, கைக்கு வரலை. அரசாங்க ஆஸ்பத்திரிக் கூட்டத்திலே மூணு வருஷம் நின்னாத்தான் வரும். வேலை கத்துக்கிட்டு அப்புறம் எங்கே வேணும்னாலும் போறேன். நீ போட்ட டிக்குக்காக நான் இதை எடுக்கலை, தெரிஞ்சுக்கோ" என்றாள்.

அவள் தாத்தாவிடம் அதை எப்படிச் சொல்லப் போகிறாள் என்றுதான் எனக்குக் கவலை. ஆனால் அவர் முகம் வாடினாலும் வார்த்தை வாடவில்லை. "எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடு. ஆனா போட்டா, முடிச்சிட்டுத்தான் திரும்பணும். பாதியிலே விட்டுட்டு வர்றவனுக்குப் பட்டாளத்திலே வேற பேரு" என்றார். அன்றைக்கே பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து, அவளுடைய புத்தகங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

படிப்பு சேர்ந்த சில மாதத்தில், 2019 ஆகஸ்டில், இந்தமாதிரிச் சேவை ஒப்பந்தங்கள் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மைத்துனர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை!

பக்கத்திலேயே இருப்பாள் என்று போட்டேனே கணக்கு, அது என்ன ஆயிற்று? 2020ல் கொரோனா வந்தது. மூச்சுத் திணறுபவர்களுக்குத் தொண்டையில் குழாய் போடும் வேலை மயக்க மருந்து டாக்டர்களுடையது. ஆறு மாதம் பெண் முகத்தை நேரில் பார்க்கவில்லை. அட்லாஸில் இருக்கும் ஊர்தான். நாலு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் போக முடியவில்லை. என் அம்மா பட்டதை அப்போதுதான் நான் பட்டேன். சீருடை போட்டால்தான் பிள்ளைகள் தூரமாகிறார்கள் என்று நான் நினைத்திருந்தது தப்பு. அந்த வேலையே அப்படி.

2022ல் எம்.டி. முடிந்தது. இரண்டு வருஷச் சேவைக்குப் போட்ட இடம் நீலகிரி மலையில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. காட்பாடியில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்து மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ்ஸில் குன்னூர், ஊட்டி. பிறகு இன்னொரு பஸ். கொண்டுபோய் விட அப்பாவும் வந்தார். வழியில் வெலிங்டன் வந்தது. அவர் ஒரு காலத்தில் வேலை பார்த்த ராணுவ ஆஸ்பத்திரி இருக்கும் ஊர். பஸ் அதைத் தாண்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளையும் டாக்டர், சென்னையில் சொந்த வீடு, வசதியான குடும்பம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மலையிலே கிடந்து எதுக்கு ரெண்டு வருஷத்தை வீணாக்கணும்? அந்த 40 லட்சத்தை நாங்களே கட்டிடறோம். தையிலே முகூர்த்தம் வச்சுக்கலாம்" என்றார்கள்.

சகோதரிகளே, உண்மையைச் சொல்கிறேன். என் மனசு ஆடிவிட்டது. பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்கும் காலத்தில், தானாக 40 லட்சம் கட்டுகிறேன் என்று ஒரு சம்பந்தி சொன்னால் யாருக்குத்தான் ஆடாது? ஃபோனில் சொன்னால் வெட்டிவிடுவாள் என்று, 2023 பொங்கல் கழித்து நானே நேரில் புறப்பட்டுப் போனேன்.

நல்ல குளிர். குவார்ட்டர்ஸில் மண்ணெண்ணெய் வாசனையும் ஈரத் துணியுமாக இருந்தது. சாப்பிட்டதும் பேச்சை எடுக்கலாம் என்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் வந்தது. "சீமாங்க்லேருந்தும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரசவமும் பச்சைக் குழந்தையும் பார்க்கும் பிரிவை அப்படித்தான் சொல்கிறார்கள். தனியாக இருக்கப் பயந்து நானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன்.

தாழ்வாரத்து பெஞ்சில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தாள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். மருமகளுக்குக் குழந்தை குறுக்கே திரும்பியிருக்கிறது. உடனே ஆபரேஷன் என்று உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். "நீங்க யாருக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். "மயக்க மருந்து டாக்டர் என் பொண்ணு" என்றேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மருமகளுக்குத் தலைப்பிரசவம். அறுக்க டாக்டர் இருந்தாராம். மயக்க மருந்து கொடுக்க அன்றைக்கு ஆள் இல்லையாம். ஊட்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். "வண்டி போய்ச் சேர்ந்துச்சு. தாய் பிழைச்சா. பிள்ளை பிழைக்கலை" என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டு ஆபரேஷன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஆண் குழந்தை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்திருந்ததால், தாய் முழித்துக்கொண்டே பிள்ளை முகத்தைப் பார்த்தாளாம். (அந்த ஊசியால் ஆயுள் முழுக்க முதுகுவலி வரும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்குத் தலைவலி வரும், அதற்கு உடனே டாக்டரிடம் சொன்னால் போதும். மற்றபடி தீராத முதுகுவலிக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்பது என் பெண்ணின் பதில்.)

ராத்திரி ரசம் சாதம் சாப்பிடும்போது, வந்த விஷயத்தைச் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "அம்மா, 40 லட்சம் கட்டினா அது கஜானாவுக்குப் போகும். அந்தப் பணம் இன்னைக்கு ராத்திரி இங்கே வந்து ஊசி போடுமா? தாத்தா என்ன சொன்னாரு? போட்டா முடிச்சிட்டுத்தான் திரும்பணும்."

பதில் சொல்ல எனக்கு வாயில்லை. ஊருக்கு வந்ததும் அந்த வரனுக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டோம். சொந்தத்தில் சிலர் என்னைப் பைத்தியக்காரி என்றார்கள். கஷ்டமாகத்தான் இருந்தது.

2024ல் இரண்டு வருஷமும் முடிந்து, பாண்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள். 2025 தையில் கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை. பெண் பார்க்க வந்தபோதே, "ராத்திரி ஃபோன் வந்தா நான் கிளம்பிடுவேன்" என்று இவள் சொல்ல, "ஸ்கூட்டர் எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்" என்று அவர் சொன்னார். அங்கேயே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அப்பாவுக்கு அந்தப் பழைய ஆசை இன்னும் போகவில்லை. மேற்படிப்பு முடித்தவர்களையும் ராணுவத்தில் எடுக்கிறார்களாம்; வயது வரம்பும் கூடுதலாம். பேப்பரில் விளம்பரம் வந்தால் கத்தரித்து எடுத்து வைக்கிறார். 2024 அக்டோபரில் ஆர்த்தி சரின் என்ற பெண் டாக்டர் முப்படை மருத்துவ சேவைக்கே தலைவராக வந்தார் என்று படித்ததும், அதையும் கத்தரித்துப் பேத்திக்கு அனுப்பினார். அவள் போவாளா, மாட்டாளா, தெரியாது. இந்தத் தடவை நான் நோட்டில் கோடு போடப் போவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வந்தால், எத்தனை வருஷம், எவ்வளவு பணம் என்பதை அவசியம் பாருங்கள். பாண்டு நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். அந்தந்த வருஷத்து விவரக் குறிப்பேட்டைக் கடைசி வரி வரை படித்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பட்டாளமானால் முதலில் எத்தனை வருஷம், மேற்படிப்புக்குப் பிறகு இன்னும் எத்தனை வருஷம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். யாரோ கட்டிவிடுவார்கள் என்று நம்பி மட்டும் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் விட்டுவிட்ட அந்த மூன்றாவது பத்தியைப் போடுங்கள். அதில் எழுத வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் பிள்ளை.

டிரங்குப் பெட்டி இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அப்பாவின் பெயருக்கும் நம்பருக்கும் கீழே, அதே வெள்ளைப் பெயின்டில் என் பெண்ணின் பெயரையும் எழுதியிருக்கிறார். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. அவருக்குக் கை நடுங்குகிற வயது.